குசினி வாசலில் வாசிக்கப்படும் நிருபம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றியறிதல் ஆராதனையில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகள் எமது சங்கத்தைக் காத்து நடத்திய ஆண்டவருக்கு முதலில் நன்றி செலுத்துகிறேன். இந்த மேடையிலே நின்று பேசும்படி என்னை அழைத்தபோது மகிழ்ச்சியைவிடத் தயக்கமே மேலோங்கியது. "அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ சாட்சி" என்ற பொருளைத் தந்தார்கள். பிரசங்கம் செய்வது எனக்குப் பழக்கமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். ஆகவே கணக்குப் பார்ப்பதுபோலவே பேசப்போகிறேன். வரவையும் சொல்வேன், செலவையும் சொல்வேன்.

இந்த மண்டபத்திலே இருக்கும் எம்மில் பெரும்பாலோர் சைவ சமயத்தவர்கள். இந்தக் கல்லூரியில் என்றும் அப்படித்தான் இருந்தது. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் சிலர் காலைக் கூட்டத்திலே ஜெபம் செய்தோம், கீதம் பாடினோம். நீங்கள் எங்களோடு நின்றீர்கள். அப்படி நின்ற நேரத்திலே எங்களைக் கவனித்துக்கொண்டும் இருந்தீர்கள். ஆகவே இன்று நான் சொல்லப்போகும் விஷயத்தில் உங்களை ஏமாற்ற முடியாது. எங்களை நூறு ஆண்டுகளாக வாசித்து வருபவர்கள் நீங்கள்.

வாசித்தவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பரிசுத்த பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அப்படி ஒரு உவமை இருக்கிறது. அக்காலத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர்கள், இவர் நல்லவர், இவரை நம்பலாம் என்று யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் கல்லூரியை விட்டுப் போகும்போது அதிபரிடம் நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனோமே, அதுபோலத்தான். பவுலிடம் அப்படியான கடிதம் எங்கே என்று சிலர் கேட்டார்கள் போலும். அவர் கொரிந்து சபையாரைப் பார்த்து, எனக்கு வேறு கடிதம் எதற்கு, நீங்களே என் கடிதம், எல்லாரும் உங்களைத்தான் வாசிக்கிறார்கள் என்ற கருத்தில் எழுதுகிறார். கடைத்தெருவில் இருப்பவரும் வாசிக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் வாசிக்கிறார். வேதாகமத்தை ஒருநாளும் திறந்து பார்க்காதவர்களும் அந்தக் கடிதத்தை வாசிக்கிறார்கள்.

என்னுடைய நற்சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலே "நடத்தை: மிக நன்று" என்று அன்றைய அதிபர் கைப்பட எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொற்களைப்பற்றி இந்த உரையின் முடிவில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

முதலில் வரவுக் கணக்கு.

நான் விடுதியில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு மேற்றன் இருந்தார். மிகவும் கண்டிப்பானவர். ஒருநாள் அவருடைய மேசையில் வைத்த இரண்டு ரூபாய்த் தாளைக் காணவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு ரூபாய் சிறிய காசு அல்ல. அன்று அந்த அறையைக் கூட்டியவள் தீவகத்திலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை. வசதி குறைந்த குடும்பம். இரவுச் சாப்பாட்டு வேளையில் மேற்றன் எல்லாருக்கும் முன்னால் அவளை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அவளோடு பேசுவதற்கு எங்களுக்கும் துணிவு வரவில்லை.

மறுநாட் காலை அந்தத் தாள் விடுதிக் கணக்குப் புத்தகத்தின் உள்ளே இருந்தது. மேற்றன் அதைப்பற்றி மூச்சுவிடாமல் இருந்திருக்கலாம். அல்லது அந்தப் பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்து, காசு கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் கூடியதும், ஜெபத்துக்கு முன்பாக அவளை அருகில் அழைத்தார். "நான் பிழை விட்டிட்டன். உம்மை எல்லாருக்கும் முன்னால கள்ளி எண்டு நினைக்கப் பண்ணினன். அதாலை எல்லாருக்கும் முன்னாலயே மன்னிப்புக் கேக்கிறன்" என்றார். அவருடைய குரல் நடுங்கியது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஐம்பது வயதுப் பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பின்னும் அதிகம் கண்டதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பேரப்பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறார். கந்தசஷ்டி விரதம் தவறாமல் பிடிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் பேசியபோது இந்தச் சம்பவத்தை அவரே நினைவுபடுத்தினார். "நான் வேதத்துக்கு மாறேல்லை. ஆனால் உங்கடை யேசு எப்பிடிப்பட்டவர் எண்டு ஆரும் கேட்டால் எனக்கு அந்த மேற்றன்ரை முகம்தான் வரும்" என்றார். அந்த மேற்றன் எங்களுக்கு எத்தனையோ மாலை ஜெபங்கள் நடத்தினார். அவற்றில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. அந்தக் காலைவேளை மட்டும் நினைவில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியின் வரலாற்றில் இப்படி வாசிக்கப்பட்ட ஒருவர் எலைசா அக்னியூ அம்மையார். அமெரிக்காவிலிருந்து 1840ஆம் ஆண்டு இங்கே வந்தார். உடுவில் மகளிர் பாடசாலையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1883ஆம் ஆண்டு மானிப்பாயில் காலமாகும்வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? விடுமுறை வந்தால் படித்து வெளியேறிய பிள்ளைகளின் வீடு தேடிப் போவார். கிணற்றடியிலும் திண்ணையிலும் இருந்து அவர்களின் பிள்ளைகுட்டிகளின் சுகம் விசாரிப்பார். ஒரே இடத்தில் இருந்து, ஒரே வேலையைச் செய்து, மனிதரை மறவாமல் இருந்ததுதான் அவருடைய சாட்சி.

மானிப்பாயில் மருத்துவம் செய்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னொருவர். 1847ஆம் ஆண்டு வந்த அவர் எமது மொழியைக் கற்று, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே எமது பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒரு மனிதனின் மொழியை மதித்துக் கற்பது அவனை மதிப்பதாகும். அதை எமது முன்னோர் பிரசங்கம் இல்லாமலே விளங்கிக்கொண்டார்கள்.

ஆனால் வரவை மட்டும் காட்டி ஏட்டை மூடுவது நேர்மையான கணக்காகாது.

மிஷன் பள்ளிக்கூடங்களின் வரலாற்றில் குற்றச்சாட்டுகளும் உண்டு. படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஆட்களை மதம் மாற்றினார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவப் பெரியார்கள் சொன்னார்கள். அவர்களுள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். அவர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். எங்களில் பலரைவிட வேதாகமத்தை ஆழமாக வாசித்தவர். அச்சிலே இருந்த வேதத்தையும் வாசித்தார், எங்கள் மனிதர்களாகிய நிருபங்களையும் வாசித்தார். இரண்டும் பொருந்தாத இடங்களை எடுத்துக் காட்டினார். அதற்காக அவர்மீது நாங்கள் கோபப்படுவதில் அர்த்தம் இல்லை.

அந்தப் பொருந்தாத இடங்களில் மிகப் பெரியது சாதி. 1930ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டும் என்று வந்தபோது, யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, பள்ளிக்கூடங்கள்கூட எரிக்கப்பட்டன என்பதை நாம் அறிவோம். சைவர்கள் மட்டும் சாதி பார்த்தார்கள், நாங்கள் பார்க்கவில்லை என்று எந்தக் கிறிஸ்தவக் குடும்பமாவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியுமா? கோவிலிலே ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் குசினி வாசலில் வேறு பாத்திரம் வைத்தோம். மற்றவர்களைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மா இடிக்க ஓர் அம்மா வருவார். என் தாயாரின் வயது. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், "நீ" என்றுதான் பேசுவேன். அவர் என்னை "பிள்ளை" என்று சொல்வார். பத்து மணிக்கு அவருக்குத் தேத்தண்ணி கொடுப்போம். அதற்கென்று ஒரு பழைய பால்மாப் பேணி குசினிக்கு வெளியே, கூரைக் கம்பியில் தொங்கும். அவரே எடுத்து நீட்டுவார். நான் மேலே இருந்து ஊற்றுவேன். குடித்துவிட்டு அவரே கழுவிக் கொழுவிவிட்டுப் போவார். அது எனக்கு ஒரு பிழையாகத் தோன்றியதே இல்லை. பழக்கம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் நான் ஞாயிறு பாடசாலையும் நடத்தினேன்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் பேசும் முறை எனக்கு வந்தது. யோவான் சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தில் வரும் சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னேன். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள், அப்படியிருந்தும் இயேசு கிணற்றடியில் அந்தப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் என்று நன்றாகத்தான் பேசினேன். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கணக்குக் கேட்க வந்தாள். சைவப் பிள்ளை, எட்டாம் வகுப்பு. குசினி விறாந்தையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தவள் அந்தப் பேணியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ரீச்சர், யேசுவிட்டைத் தண்ணி அள்ள ஒண்டும் இருக்கேல்லை எண்டு சொன்னனீங்கள். அப்ப அவர் அவவின்ரை பாத்திரத்திலயே வாங்கிக் குடிச்சவரோ?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அறியவேண்டும் என்றுதான் கேட்டாள். நான் "கணக்கைச் செய்யும்" என்று அதட்டினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பேணியை எறிந்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் எறியவில்லை. விறாந்தையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, வீட்டின் பின்புறக் கம்பிக்கு அதை மாற்றினேன். பேணி இருப்பதில் எனக்கு வெட்கம் வரவில்லை. பிறர் பார்ப்பதில்தான் வெட்கம் வந்தது. சகோதரிகளே, என் வாழ்க்கையில் நான் செய்த பாவங்களைக் கணக்கெடுத்தால் அந்த இடமாற்றத்தைத்தான் முதலில் எழுதுவேன்.

அதன்பின் பல ஆண்டுகள் போயின. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வந்தது. அந்த இரவை இங்கே பலருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வலிகாமமே எழுந்து நடந்தது. மாமியாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, இரண்டு பைகளோடு, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திக் குடித்தவர்களை என் கண்ணால் கண்டேன். விடிந்தபின் கைதடிப் பக்கமாக வந்து சேர்ந்தபோது மாமியாருக்குப் பேச்சு வரவில்லை. வீதியோரத்தில் ஒரு சிறிய கொட்டில். வாசலில் ஒரு பெண் மண்குடத்தோடு நின்று போகிறவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிட்டப் போனதும் அவருடைய கை நின்றது. எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா, எங்கடை வீட்டுத் தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டார்.

நாங்கள் யார் என்பது, இரவு முழுக்க நனைந்து, சேறு படிந்து நின்றபோதும், எங்கள் முகத்தில் எழுதியிருந்தது. எங்களைப் போன்றவர்களின் நிருபத்தை அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து வாசித்து வந்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் தண்ணீர் தருவதற்காகக் கேட்டார். அவரிடம் ஒரு சில்வர் கப்தான் இருந்தது. அதைக் கழுவி, நிரப்பி, மாமியாரின் வாயில் வைத்துப் பருக்கினார். பிறகு நான் அதே கப்பில் குடித்தேன். அவர் கழுத்தில் உருத்திராக்கம் இருந்தது. சமாரியப் பெண்ணின் கதையை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கதையை அன்றுதான் நான் முதன்முதலாக விளங்கிக்கொண்டேன். அதுவரை நான் இயேசுவின் பக்கத்தில் நிற்பதாக நினைத்துத்தான் அந்தக் கதையைப் படிப்பித்து வந்தேன்.

அடுத்த ஆண்டு வீடு திரும்பினோம். கதவு நிலை உட்பட எல்லாம் போயிருந்தன. பின்புறக் கம்பியில் அந்தப் பேணி மட்டும் தொங்கியது. துருப்பிடித்த பேணியை யார் எடுப்பார்கள்? அதைக் கையில் எடுத்துக்கொண்டு மா இடிக்கிற அம்மாவின் வளவுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் பலரிடம் விசாரித்துப் பார்த்தேன். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. எங்கள் மேற்றன் ஒரு இரவு கழிந்ததும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நான் பல ஆண்டுகள் பொறுத்திருந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமற் போய்விட்டது.

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். கிறிஸ்தவ ஊழியர்களிடம் அவர் பல இடங்களில் ரோசாப்பூவை உவமையாகச் சொல்லியிருக்கிறார். பூ தன்னைப்பற்றிப் பிரசங்கிப்பதில்லை, வாசனை பரவும், மனிதர் தாமாக வருவார்கள் என்பது அவருடைய கருத்து. நல்ல உவமை. ஆனால் பூ தன் வாசனையைத் தானே முகர்ந்து பார்க்க முடியாது. எமது வாழ்வில் வாசனை இருக்கிறதா, துர்நாற்றம் இருக்கிறதா என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்லும்போது "கணக்கைச் செய்யும்" என்று அதட்டாமல் கேட்கும் மனம் எமக்கு வேண்டும். சாட்சி என்பது நாங்கள் குறையற்றவர்கள் என்று காட்டுவதல்ல. பிழை என்று தெரிந்தவுடன், இருக்கிற ஆள் இருக்கும்போதே, எழுந்து நின்று திருத்திக்கொள்வது. அந்த மேற்றனும் பிழை விட்டவர்தான்.

இப்போது பேணிகள் இல்லை, அந்தக் காலம் போய்விட்டது என்று சிலர் நினைக்கலாம். கல்யாணம் பேசும்போது நாங்கள் என்ன விசாரிக்கிறோம்? வீட்டில் வேலைக்கு வருபவர் எந்தக் கதிரையில் இருக்கிறார்? வெளிநாட்டிலிருந்து வரும் காசில் அவருக்குரிய கூலியை உரிய நாளில் கொடுக்கிறோமா? முச்சக்கரவண்டிக்காரத் தம்பியோடு எந்தக் குரலில் பேசுகிறோம்? பேணியைப் பின்புறக் கம்பிக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படங்கள் வருகின்றன, சங்கத் தலைவிகளின் பெயர்கள் வருகின்றன. வரவேண்டியவைதான். ஆனால் விடுதிக் குசினியில் எங்களுக்குச் சோறு ஆக்கியவர்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள், வகுப்பறைகளையும் மலசலகூடங்களையும் துப்புரவு செய்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கே? உயிரோடு இருப்பவர்களிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் கேட்டு, அந்தப் பெயர்களையும் நாம் எழுதிவைக்கவேண்டும். சங்கத்தின் வருடாந்த மதியபோசனத்தில் இன்று பணியாற்றும் ஊழியர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். வருகிற ஆண்டு அவர்கள் எங்களோடு ஒரே மேசையில் இருக்கட்டும், நாங்கள் பரிமாறுவோம். இதற்குப் பெரிய செலவில்லை. செயற்குழு இன்றே தீர்மானிக்கலாம்.

தொடக்கத்தில் என் நற்சான்றிதழைப்பற்றிச் சொன்னேன். "நடத்தை: மிக நன்று." அதை எழுதிய அதிபர் பொய் எழுதவில்லை, அவருக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனால் என் நடத்தையைப்பற்றிச் சரியாக எழுதக்கூடியவர் மா இடிக்க வந்த அந்த அம்மாதான். அவரிடம் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று இந்த வயதிலும் நினைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். உங்களுடைய ஆள் இன்னும் ஊரில் இருந்தால், இன்று பின்னேரமே போய்ப் பாருங்கள்.

எங்களை வாசிப்பவர்களுக்கு முன்பாக எங்களை உண்மையுள்ளவர்களாக ஆண்டவர் காத்துக்கொள்வாராக. ஆமென்.